பிள்ளை ஏன் அப்படிச் சொன்னது?
வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றுபவர், கற்றல், கற்பித்தல் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதம் விடையளிக்கிறார்.

ஆசிரியப் பயிற்சி மாணவி, காரைக்குடி: தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘கற்பித்தல் குறித்த என் நம்பிக்கைகள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது’, ‘குழந்தையே கற்றலின் மையம்’ என்றெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் யார் எழுதினாலும் இதைத்தானே எழுதுவார்கள்? உங்கள் நம்பிக்கை என்று எதைச் சொல்வீர்கள்?

நீங்கள் எழுதிய வரிகளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றை நம்புகிறவர், நம்பாதவர் இருவருமே அவற்றை எழுதிவிட முடியும் என்பதுதான் சிக்கல். ஓர் ஆசிரியர் கற்றலைப் பற்றி உள்ளபடியே என்ன நம்புகிறார் என்பதை, ஒரு பிள்ளை தவறான விடை சொன்னதும் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ‘உட்கார், அடுத்தவன் சொல்லு’ என்பவர், விடை என்பது சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது என்று நம்புகிறார். சரியான விடையைத் தாமே சொல்லி எழுதிக்கொள்ளச் செய்பவர், அறிவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிடலாம் என்று நம்புகிறார். ‘எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லிக் காட்டு’ என்று கேட்பவர், அந்தத் தவறுக்குள்ளும் ஒரு யோசனை ஓடியிருக்கிறது என்று நம்புகிறார். என் நம்பிக்கை இந்த மூன்றாவதுதான்.

மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், எல்லா ஆண்டும், எல்லா வகுப்பிலும், சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது எளிது. எப்படிப் போட்டாய் என்று கேட்டால், ‘இரண்டில் ஏழு போகாது சார், அதனால் ஏழில் இரண்டைக் கழித்தேன்’ என்று தெளிவாகப் பதில் வரும். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த விதியைத்தான் அந்தப் பிள்ளை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது. 52 என்பது ஐந்தும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அன்று, ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்த ஒரே எண் என்பதுதான் இன்னும் அதற்குப் புலப்படவில்லை. இந்தப் பிள்ளைக்கு ‘பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுத்தால், யாரிடம் யார் எதற்குக் கடன் வாங்குகிறார்கள் என்று தெரியாமலே அதையும் இன்னொரு விதியாக ஏற்றுக்கொள்ளும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிகளையும் கையில் கொடுத்து, 27 குச்சிகளைத் திருப்பிக் கேட்டால், ஒரு கட்டை அவிழ்த்தாக வேண்டும் என்று அதன் கையே அதற்குச் சொல்லிவிடும்.

முந்நூற்று ஐந்து என்று நாம் வாயால் சொல்ல, பிள்ளை 3005 என்று எழுதுவதும் இதே வகைதான். முந்நூறை 300 என்று எழுதி, ஐந்தை அதன் அருகில் வைத்துவிட்டது. கேட்டதை அப்படியே எழுதிய அந்தப் பிள்ளையின் காது சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் உளவியல் பாடத்தில் வரும் ஜீன் பியாஜே (1896–1980), இளமையில் பாரிசில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைகளைச் செப்பம் செய்யும் பணியில் இருந்தபோது, எத்தனை விடை சரி என்று எண்ணுவதைவிட, ஒரே வயதுப் பிள்ளைகள் ஏன் ஒரே விதமாகத் தவறுகிறார்கள் என்பதில்தான் மனத்தைச் செலுத்தினார். அவருடைய பிற்கால ஆய்வு முழுவதற்கும் அதுவே தொடக்கம். தேர்வுக்காக அவருடைய நான்கு பருவங்களை மனப்பாடம் செய்யும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக எல்லாத் தவறுக்குள்ளும் தத்துவம் தேட வேண்டியதில்லை. முதல் நாள் இரவு திருவிழாவில் கூத்துப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் போடும் கணக்கும் உண்டு.

ஓய்வுபெற்ற வாசகர், தேவகோட்டை: நாங்கள் படித்த காலத்தில் பதினாறாம் வாய்பாடு வரை தலைகீழாகச் சொல்வோம். என் ஐயா அரைக்கால், வீசம் எல்லாவற்றையும் மனக்கணக்காகவே போடுவார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரனுக்கு ஏழாம் வாய்பாடு தடுமாறுகிறது. மனப்பாடத்தைப் பழித்துப் பழித்தே பிள்ளைகளைக் கெடுத்துவிட்டீர்கள் என்பது என் எண்ணம். மறுப்பீர்களா?

பாதியை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாவில் நிற்காத பிள்ளை, பெரிய வகுத்தல் கணக்கில் இறங்கும்போது, பெருக்கலைத் தேடுவதிலேயே களைத்து, எதைக் கண்டுபிடிக்க வந்தோம் என்பதை மறந்துவிடுகிறது. அடிப்படை வாய்பாடுகள் மனத்தில் பதிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. என் பள்ளியில் நாளும் வாய்பாடு சொல்கிறோம்.

மறுக்கும் பாதி, உங்கள் ஐயாவின் தலைமுறை எப்படிக் கற்றது என்பதைப் பற்றியது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்து, எண்சுவடியை உரக்கச் சொல்லிப் பழகினார்கள் என்பது உண்மை. ஒன்றுக்கும் குறைவான பின்னங்களாகிய அந்தக் கீழ்வாய் இலக்கங்களின் நுணுக்கத்தைப் பாருங்கள். வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாவையும் காணியையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16 என்னும் மாகாணி வந்து நிற்கும். இன்றைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பகா எண்களைக் கொண்டு பொதுப் பகுதி கண்டுபிடித்துப் போடவேண்டிய கூட்டல் இது. ஆனால் நகரத்தார் வீட்டுப் பையனின் படிப்பு அந்தத் திண்ணையோடு முடியவில்லை. அவன் பர்மாவிலோ மலாயாவிலோ இலங்கையிலோ வட்டிக் கடைக்குப் பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலை உதவியாளாகப் போய், அடுத்தாள், மேலாள் என்னும் மூத்த பணியாளர்களுக்குக் கீழே உட்கார்ந்து, கடனாளி முன்னிலையில் வட்டிக் கணக்குப் போட்டு, பேரேட்டில் தவறு வந்தால் அந்தத் தவறு எந்த வரியில் நுழைந்தது என்று இரவெல்லாம் தேடி, அதன் பிறகுதான் கணக்கன் ஆனான். மனப்பாடம் செய்த வாய்பாட்டுக்குப் பொருள் கொடுத்தது கடை. நாம் கடையை மறந்துவிட்டு, திண்ணையை மட்டும் நினைத்துப் பெருமைப்படுகிறோம்.

திண்ணைப் பள்ளியில் எனக்குப் பொறாமை தரும் ஒன்றும் உண்டு. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1790களில் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்து, ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிரம்பும் அந்தத் திண்ணையில் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கே எந்தச் சாதிப் பிள்ளைகளுக்கு இடம் இருந்தது, எவருக்கு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியாதது அல்ல. எல்லாப் பிள்ளைகளும் உட்காரும் என் வகுப்பறையை அந்தத் திண்ணையோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

உங்கள் பேரனுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஏழாம் வாய்பாட்டை அவன் எந்த இடத்தில் விடுகிறான் என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஆறேழு, ஏழெட்டு ஆகிய இரண்டு இடங்கள்தாம். ‘ஐயேழு முப்பத்தைந்து தெரியுமே, அதோடு இன்னும் ஓர் ஏழைச் சேர்த்தால்?’ என்று கேளுங்கள். மறந்தால் மீண்டும் கட்டிக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு மனப்பாடம் சீக்கிரம் நிற்கும்.

தாய் ஒருவர், கோட்டையூர்: என் மகளுக்கு ஆறு வயது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். அதுவும் தப்பும் தவறுமாக. பக்கத்து வீட்டுப் பிள்ளை மழலையர் பள்ளியிலேயே இரண்டு மொழியிலும் எழுதுகிறது. நான் பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம் அம்மா, ஆனால் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதைத்தான் இலக்காக வைத்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதும், யார் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்குவதற்காகத்தான். ஆறு வயதில் எழுத்துக் கூட்டுவது பின்தங்கல் அன்று.

‘தப்பும் தவறுமாக’ என்கிறீர்களே, என்ன தவறு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ‘கொடு’ என்ற சொல்லை ஒரு பிள்ளை ‘காடு’ என்று படிக்கும், இன்னொரு பிள்ளை ‘கெடு’ என்று படிக்கும். இரண்டும் தவறுதான், ஆனால் ஒரே தவறு அல்ல. காடு என்று படித்த பிள்ளைக்குத் துணைக்கால் தெரிகிறது. எழுத்துக்கு முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்பை அது கணக்கில் எடுக்கவில்லை. கெடு என்று படித்த பிள்ளைக்குக் கொம்பு தெரிகிறது. பின்னால் வரும் கால் அதற்கு ‘ர’ எழுத்தைப் போலத் தோன்றிக் குழப்பியிருக்கலாம், அல்லது முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறிகள் சேர்ந்து ஒரே ஒலியைத் தரும் என்பது இன்னும் பிடிபடாமல் இருக்கலாம். கண்ணுக்கு முதலில் தெரியும் கொம்பு, வாயில் க-வுக்குப் பிறகுதான் ஒலிக்கிறது என்பது, வளர்ந்த நமக்கு வியப்பாக இல்லை. ஆறு வயதுக்கு அது பெரிய வியப்பு. இந்த இருவருக்கும் ‘இன்னும் பத்து முறை எழுது’ என்று ஒரே மருந்தைக் கொடுத்தால் இருவருக்கும் பயன் இல்லை.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று சொல்லிப் பிள்ளையை மிரட்டாதீர்கள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம், சில துணைக்குறிகள் ஆகியவை வந்துவிட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். கு, சு, டு, மு, கூ, சூ என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகள்தாம் உண்மையிலேயே கடினம். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை போன்றவற்றை ஒழுங்கு செய்ததே தவிர, இந்த இரண்டு வரிசைகளையும் தொடவில்லை. இவற்றுக்குப் பொறுமை தேவை. வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ இருந்தால் கதை சொல்லச் சொல்லுங்கள். காதில் விழாத சொல்லைக் கண்ணால் கூட்டிப் படிப்பது எவருக்கும் கடினம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுவதைப் பொருள் கேட்டுப் பாருங்கள். எழுதுவதும் படிப்பதும் வேறு வேறு என்பது தெரியும்.

விவசாயி, கண்டனூர்: ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் உரித்துவிடுங்கள்’ என்று சொல்லித்தான் எங்களைப் பள்ளியில் சேர்த்தார்கள். அடியாத மாடு படியாது அல்லவா? இப்போது பிரம்பே இல்லை. பிள்ளைகளுக்குப் பயமும் இல்லை.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலளவில் தண்டிப்பதையும் மன அளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ‘மக்கு’ என்று அழைப்பதும் இரண்டாவதில் அடங்கும்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் பிரம்பைத் தொடமாட்டேன். அதற்குக் காரணம் இரக்கம் மட்டும் அன்று. அடிக்குப் பயந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது தவறை மறைக்கும் வித்தையைத்தான். பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதும், மற்றவர்களோடு சேர்ந்து வாயசைக்கும், ‘புரிந்ததா?’ என்றால் எல்லாருக்கும் முன்பாகத் தலையாட்டும். 35 என்று எழுதிய அந்தப் பிள்ளையின் விடை எனக்குக் கிடைக்காமல் போனால், அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மாடு படிவதற்கும் பிள்ளை படிப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை, இரண்டையும் வளர்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒழுங்கு வேண்டாம் என்று இதற்குப் பொருள் அன்று. அடுத்தவரை அடிக்கக் கூடாது, ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதில் நான் மிகவும் கறாரானவன் என்று என் பிள்ளைகளே சொல்வார்கள்.

வாசகர், புதுவயல்: காலைச் சிற்றுண்டி கொடுத்தால் படிப்பு வந்துவிடுமா?

சிற்றுண்டியால் படிப்பு வராது, பசியோடும் வராது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த திட்டம் இது. விடியற்காலையிலேயே அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். முதல் பாடவேளையில் பிள்ளை தவறாகச் சொன்னால், புரியாமல் சொன்னதா, பசியில் சொன்னதா என்று நான் ஐயப்பட வேண்டிய நிலை இப்போது குறைந்திருக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், கீழச்சிவல்பட்டி: ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒரே அறையில் மூன்று வகுப்புகள். அங்கே என்ன கற்றல் நடக்கும்?

அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. பிள்ளைகள் குறைந்த ஊர்களில் இதுதான் நடைமுறை. ஐந்து ஆசிரியர்கள் இருந்தால் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் இருக்கும் நிலையில் ஒரு நன்மையும் உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளை கழித்தலில் எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க அதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க விடுவேன். சொல்லிக்கொடுக்கும்போது தனக்குத் தெரியாதது அதற்கே தெரிந்துவிடும்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08-இல் மாநிலம் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், இப்படிப்பட்ட அறைக்கு ஏற்றதாகவே இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியில் தன் படியைக் கண்டு, அதற்குரிய பாட அட்டையை எடுத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து வேலை செய்யும். பிள்ளைகளோடு ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தது பெரிய மாற்றம். குறை எங்கே வந்ததென்றால், அட்டை முடிந்ததா என்று பார்க்கும் பழக்கம், பிள்ளை எப்படி யோசித்தது என்று கேட்கும் நேரத்தை விழுங்கியதில்தான். இன்றைக்கும் பதிவேடுகளும் கைபேசிச் செயலிகளும் அதே நேரத்தைத்தான் கேட்கின்றன. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏதாவது செய்ய விரும்பினால், வெள்ளைச் சுவரும் புதுக் கொடிக்கம்பமும் பிறகு இருக்கட்டும். வாரம் ஒரு நாள் வந்து பிள்ளைகள் படிப்பதைக் காது கொடுத்துக் கேட்க நான்கு பெரியவர்களை அனுப்புங்கள்.

இளம் ஆசிரியர், பள்ளத்தூர்: ஐந்தாம் வகுப்புக்குச் சுற்றளவும் பரப்பளவும் நடத்த வேண்டும். பிள்ளைகள் சூத்திரத்தைச் சொல்கிறார்கள். ஆனால் எதை எப்போது போடுவது என்று தெரியவில்லை. நம் ஊரை வைத்தே நடத்த வழி உண்டா?

உங்கள் காலடியில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலை என்னும் கூடமோ வளவு என்னும் முற்றப் பகுதியோ உள்ள வீடு ஒன்றில் அனுமதி கேட்டு, வகுப்பை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சாயக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கற்கள் எல்லாம் சம அளவுச் சதுரங்கள். பல கற்களில் ஒரு பூவின் கால் பகுதிதான் இருக்கும். நான்கு சேர்ந்தால் பூ முழுமையாகும். கல் பதிக்கும் வேலைக்குப் போகும் தந்தையரின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். சமச்சீர் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை முதலில் கேளுங்கள்.

பிறகு, நீளத்தில் 6 கல்லும் அகலத்தில் 5 கல்லும் உள்ள ஒரு கட்டத்தைச் சாக்குக்கட்டியால் வரைந்து, ஓரத்தில் மட்டும் வேறு நிறக் கல் பதிக்க எத்தனை கல் வேண்டும் என்று கேளுங்கள். சூத்திரம் படித்தவர்கள் இரண்டு முறை பதினொன்று 22 என்பார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் 18 என்பார்கள். இங்கேதான் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். யார் சரி என்று சொல்லாதீர்கள்; இரண்டு தரப்பையும் வாதிட விடுங்கள். 22 என்பது ஓரத்தின் நீளம், 18 என்பது ஓரத்தில் உள்ள கற்களின் எண்ணிக்கை என்றும், மூலைக் கல் ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்திலும் நிற்பதால் நீளத்தில் இரண்டு முறை வந்து எண்ணிக்கையில் ஒரே முறை வருகிறது என்றும் அவர்களே வந்து சேர்வார்கள். மொத்தக் கல் எத்தனை என்று கேட்டால் 30 என்று பரப்பளவும் கையோடு வந்துவிடும். மூன்று எண்களும் ஒரே தரையில் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகளாக நிற்பதைப் பார்த்த பிள்ளை, எந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கு என்று பிறகு அதிகம் தடுமாறாது.

மறுநாள் வகுப்பில் 8-க்கு 4 என்று ஒரு கட்டம் கொடுத்து, எண்ணாமலே ஓரக் கற்களைச் சொல்லச் சொல்லுங்கள். சுற்றளவில் நான்கைக் கழித்து 20 என்று யாராவது ஒருவர் விதியே சொல்லிவிடுவார். வகுப்பு முழுவதும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, ஆறு கல் நீளமும் ஒரே கல் அகலமும் உள்ள நடை ஒன்றைப் பலகையில் வரையுங்கள். அவர்களுடைய விதிப்படி 10 வரும். அங்கே இருப்பதோ மொத்தமே ஆறு கல்தான். விதி ஏன் அங்கே பொய்த்தது என்பதை, அன்று மணி அடித்துவிட்டாலும்கூட, நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.